சமவாய்ப்புக்கு இலக்கணம்: பெர் மார்ட்டின்-லோஃபின் கணிதப் பாதை

திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் மழைக்காலந்தோறும் நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் அரிவாள் மூக்கன்களும் வந்து கூடு கட்டுகின்றன. அவை மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. 1977இல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்க் கரையில் நின்று பார்க்கிறவருக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு. போன ஆண்டு வந்த பறவைகளில் எத்தனை இந்த ஆண்டு உயிரோடு இருக்கின்றன? வெறுமனே எண்ணிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. பறவையின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டு, இறந்த பறவையின் வளையம் எங்கிருந்தாவது திரும்பி வரும்வரை காத்திருந்தால்தான் கணக்குப் போட முடியும்.

அந்தக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்தாண்டுகளாக வளையம் மாட்டி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆண்டில் வளையம் பெற்ற பறவை நம் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் அது ஓராண்டுக்குள் இறந்திருக்க வேண்டும். நெடுநாள் வாழப்போகும் பறவை இன்னும் வளையத்தோடு பறந்துகொண்டிருப்பதால் பட்டியலில் அது இருக்காது. ஆகவே திரும்பி வந்த வளையங்களை மட்டும் கொண்டு சராசரி வயதைக் கணித்தால், பறவைகள் உண்மையில் வாழ்வதைவிடச் சீக்கிரம் சாவதாகத் தோன்றும். கையில் இருக்கும் தரவு எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

வளையமிட்ட பறவைகளின் இறப்பு வீதத்தைக் கணக்கிடுவது பற்றி, உள்ளான் இனத்துக் கரையோரப் பறவை ஒன்றை முதன்மையாகக் கொண்டு, 1961இல் சுவீடன் நாட்டு விலங்கியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியானது. அதை எழுதிய பெர் மார்ட்டின்-லோஃபுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1942 மே 8இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த அவரது முதல் ஆய்வு வெளியீடு அதுதான். ஐந்தாண்டுகள் கழித்து, சமவாய்ப்புத் தொடர்வரிசை (random sequence), அதாவது நாணயத்தைச் சுண்டி எழுதியதுபோல் எந்த விதிக்கும் அகப்படாத இலக்க வரிசை, என்றால் என்ன என்ற கேள்விக்கு இன்றுவரை நிலைத்து நிற்கும் வரையறையை எழுதியவரும் அவரே. பறவைக் கணக்கிலிருந்து சமவாய்ப்புக்கும், அங்கிருந்து தருக்கவியலுக்கும் அவர் இடம் மாறியதைத் துறை தாவுதல் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. முடிவுள்ள சான்றுகளையும் முடிவுள்ள விதிகளையும் மட்டுமே கையில் வைத்திருக்கும் ஒருவர் எதை உறுதியாகச் சொல்ல முடியும் என்ற ஒரே கேள்வியையே அவர் விடாமல் பின்தொடர்ந்தார் என்பது என் கருத்து. காரைக்குடியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வி இந்த மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல என்று சொல்வேன்.

முந்தைய தலைமுறை நகரத்தார் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கடை ரங்கூனில் இருக்கும். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை நடத்தும் மேலாளும் அவருக்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் கடல் கடந்து போய், கணக்கை மட்டும் ஊருக்கு அனுப்புவார்கள். கடையில் என்ன நடந்தது என்பதை முதலாளி நேரில் பார்த்தவர் அல்ல. அவர் கையில் இருப்பவை ஐந்தொகையும் பேரேட்டு நகலும் மட்டுமே. அந்த எண்கள் உண்மையான கொடுக்கல் வாங்கலில் விளைந்தவையா, உட்கார்ந்து எழுதிச் சேர்த்தவையா என்பதை எண்களைக் கொண்டே அவர் முடிவு செய்ய வேண்டும். சமவாய்ப்பை ஆராயும் கணிதவியலாளர் இருப்பதும் அதே இடத்தில்தான். 0, 1 என்ற இலக்கங்களின் முடிவில்லாத வரிசை ஒன்று அவர் முன் வைக்கப்படுகிறது. நாணயத்தைச் சுண்டி எழுதினார்களா, ஏதோ ஒரு விதிப்படி எழுதினார்களா என்று யாரும் அவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

இக்கேள்வியை முதலில் முறையாக எழுப்பியவர் ரிச்சர்ட் ஃபான் மீசஸ். 1919இல் அவர் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். வரிசையில் 1 வரும் விகிதம் ஓர் எல்லையை நெருங்க வேண்டும் என்பது முதலாவது. முன்னால் விழுந்தவற்றைப் பார்த்து அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் எந்த விதியைக் கையாண்டாலும், தேர்ந்தெடுத்த இடங்களில் அந்த விகிதம் மாறக் கூடாது என்பது இரண்டாவது. எங்கள் வீட்டு வளவில் தாயம் ஆடும்போது, தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால், “இத்தனை தடவை விழலியே, இனி விழுந்தே ஆகும்” என்று அப்பத்தா கட்டையை உருட்டுவார். ஃபான் மீசஸின் இரண்டாவது நிபந்தனை மறுப்பது அந்த நம்பிக்கையைத்தான். எந்தச் சூதாட்ட உத்தியும் பலிக்காத வரிசையே சமவாய்ப்பு வரிசை என்பது அவரது கருத்து.

ஆனால் “எந்த விதியும்” என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? விதிகளுக்கு வரம்பே இல்லையென்றால், அந்த வரிசையில் 1 இருக்கும் இடங்களை மட்டும் பொறுக்கும் விதியும் ஒரு விதிதானே! அப்படியானால் எந்த வரிசையும் தேறாது. எண்ணிடத்தக்க அளவிலான, அதாவது 1, 2, 3 என்று எண்ணிட்டு வரிசைப்படுத்தத்தக்க, விதிகள் போதும் என்று ஆபிரகாம் வால்ட் 1937இல் சொன்னார். 1940இல் அலான்சோ சர்ச், கணிக்கத்தக்க விதிகளை, அதாவது ஒரு நிரலாக எழுதி இயந்திரத்தால் செய்துகாட்டத்தக்க விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கணிக்கத்தக்கது எது என்பதற்குத் துல்லியமான வரையறை கிடைத்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சமவாய்ப்பும் கணிமைக் கோட்பாடும் கைகோத்த இடம் அது.

இதற்கிடையில் 1939இல் ழான் வீல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபான் மீசஸின் அடிப்படையையே அசைத்துவிட்டார். எண்ணிடத்தக்க விதிகளின் எந்தத் தொகுப்பைக் கொடுத்தாலும், அவை அத்தனைக்கும் தப்பும் ஒரு வரிசையை அமைக்கலாம். அதில் 1இன் விகிதம் பாதியை நெருங்கும். ஆனாலும் தொடக்கத்திலிருந்து எங்கே நிறுத்திப் பார்த்தாலும் 1களின் எண்ணிக்கை பாதிக்குக் குறையவே குறையாது. வரவு செலவு ஒவ்வொரு நாளும் சரிக்குச் சரியாக அமைய வாய்ப்புள்ள ஒரு தொழிலில், பல்லாண்டுப் பேரேட்டில் ஒரு நாள்கூட மொத்த இருப்பு நட்டத்தில் இறங்கவில்லை என்றால் அனுபவமுள்ள முதலாளி அந்தக் கணக்கை நம்புவாரா? உண்மையாகவே சுண்டிய நாணயம் பாதிக்கு மேலும் கீழும் முடிவில்லாமல் மாறி மாறிப் போகும் என்பது நிகழ்தகவுக் கோட்பாட்டின் நிறுவப்பட்ட முடிவு. ஃபான் மீசஸின் நிபந்தனைகள் அந்தத் திருட்டைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இந்தக் கேள்வி பெரிதும் கிடப்பில் கிடந்தது. 1933இல் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அடிகோள்களை வகுத்துக் கொடுத்த ரஷ்யக் கணிதவியலாளர் அந்திரேய் கோல்மோகோரோவ்தான் அதை மீண்டும் கையில் எடுத்தார். அவர் அதை எடுத்த இடம் நமக்கு நெருக்கமானது. 1962இல் இந்தியாவுக்கு வந்து சென்ற அவர், சமவாய்ப்பு எண் அட்டவணைகள் பற்றிய தம் கட்டுரையைக் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ‘சங்க்யா’ இதழில் 1963இல் வெளியிட்டார். 1965இல் தகவலின் அளவை வரையறுக்கும் கட்டுரை வந்தது. ஒரு வரிசையை எழுதிக் காட்டும் மிகச் சிறிய நிரலின் நீளமே அந்த வரிசையின் சிக்கல்தன்மை என்றார் அவர். அமெரிக்காவில் ரே சாலமனாஃபும் கிரெகரி சைட்டினும் தனித்தனியே இதே கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

செட்டிநாட்டு வீட்டின் வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களைக் கொண்டு இதை விளக்கலாம். ஆயிரம் கல் பதித்த தரையாக இருந்தாலும், ஒரு கல்லின் பூவேலையைச் சொல்லி “இதையே நாற்புறமும் திருப்பித் திருப்பிப் பதி” என்றால் முழுத் தரையும் வந்துவிடும். விவரணை சிறியது, ஆகவே சிக்கல்தன்மை குறைவு. பழைய வீடு இடித்த இடங்களிலிருந்து அள்ளிவந்த ஆயிரம் வெவ்வேறு கற்களை வாய்த்தபடி பதித்த தரைக்கு, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தால் முதல் தரையிலும் இரண்டாவது ஒளிந்திருக்கிறது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்துக் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல் என்பதால் ஒரே பூவேலையின் இரண்டு கற்களில் வண்ணம் ஓடிய கோடு ஒன்றுபோல் இராது. வடிவத்தைச் சொல்ல ஒரு வரி போதும். அந்தக் கோடுகளைச் சொல்ல ஆயிரம் வரிகளும் போதாது. தன்னைவிடச் சிறிய விவரணை இல்லாததே சமவாய்ப்பானது என்பது கோல்மோகோரோவின் பார்வை.

இந்த நேரத்தில்தான், 1964இல், இருபத்திரண்டு வயது மார்ட்டின்-லோஃப் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்கிறார். 1965 வரை கோல்மோகோரோவின் வழிகாட்டுதலில் படித்தார். ஆசிரியர் முடிவுள்ள வரிசைகளுக்குக் கொடுத்த வரையறையை முடிவில்லாத வரிசைகளுக்கு நீட்டுவது எப்படி என்பதே மாணவர் எடுத்துக்கொண்ட வேலை. எளிய வழி கண்முன்னே இருந்தது. முடிவில்லாத வரிசையின் ஒவ்வொரு தொடக்கத் துண்டும் சுருக்க முடியாததாக இருந்தால் அந்த வரிசை சமவாய்ப்பானது என்று சொல்லிவிட்டால் என்ன? அப்படி ஒரு வரிசைகூடக் கிடையாது என்று மார்ட்டின்-லோஃப் கண்டுபிடித்தார்.

அது ஏன் என்பதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒரு வரிசை 1101 என்று தொடங்குவதாகக் கொள்வோம். இரும எண்ணாகப் படித்தால் அது 13. இப்போது அதற்கு அடுத்த 13 இலக்கங்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதி நண்பரிடம் அனுப்புகிறேன். முதல் நான்கு இலக்கங்களை எழுதுவதில்லை. நண்பர் சீட்டிலுள்ள இலக்கங்களை எண்ணுகிறார். பதின்மூன்று இருக்கிறது. 13ஐ இரும முறையில் 1101 என்று எழுதி முன்னால் சேர்த்துக்கொள்கிறார். 17 இலக்கத் துண்டு முழுமையாகக் கிடைத்துவிட்டது, நான் அனுப்பியதோ 13 இலக்கம்தான். வரிசையில் எந்த ஒழுங்கும் இருக்கத் தேவையில்லை; சீட்டின் நீளமே நான்கு இலக்கங்களைச் சுமந்து சென்றது. முதல் நூறு இலக்கங்களை எண்ணாகப் படித்தால் நூறு இலக்கம் மிச்சம். ஆக, எந்த முடிவில்லாத வரிசையிலும் இப்படிச் சுருங்கும் துண்டுகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். சிக்கல்தன்மை ஒரே சீராக ஏறாமல் ஏறி இறங்கி அலையும் என்ற இந்த முடிவை விரிவாக எழுதி அவர் வெளியிட்டது 1971இல்.

நேர்வழி அடைபட்டதால் அவர் வேறு பக்கமாக வந்தார். அந்த வழியைத்தான் நான் கணக்குத் தணிக்கையோடு ஒப்பிட விரும்புகிறேன். ஒரு தணிக்கையாளர் சில அடையாளங்களை வைத்துக்கொண்டு “இப்படித் தொடங்கும் கணக்கெல்லாம் எனக்குச் சந்தேகம்” என்று பட்டியல் போடுகிறார். பட்டியலுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். முதலாவதாக, அது ஓர் இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகக்கூடிய பட்டியலாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, நேர்மையான கணக்குகளை அவர் வீணாக மடக்கக் கூடாது: முதல் நிலையில் எல்லா வரிசைகளிலும் பாதிக்கு மேல் அவர் சந்தேகிக்கக் கூடாது, இரண்டாம் நிலையில் கால் பங்குக்கு மேல் கூடாது, மூன்றாம் நிலையில் அரைக்கால், இப்படியே ஒவ்வொரு நிலையிலும் பாதியாகக் குறைய வேண்டும். ஒரு வரிசை எல்லா நிலைகளிலும் அகப்பட்டுக்கொண்டால் அது அந்தத் தணிக்கையில் தோற்றது. இத்தகைய எந்தத் தணிக்கையிலும் தோற்காததே சமவாய்ப்பு வரிசை. வீல் கண்டுபிடித்த, பாதிக்குக் கீழே இறங்காத வரிசை இங்கே அகப்பட்டுவிடும். நிகழ்தகவுக் கோட்பாட்டில் “ஏறத்தாழ எல்லா வரிசைகளுக்கும் பொருந்தும்” என்று நிறுவப்பட்டு வழக்கமாகப் பயன்படும் விதிகளுக்கெல்லாம் இத்தகைய தணிக்கை ஒன்றை எழுதிவிடலாம்.

அடுத்து வரும் அடிதான் என்னை இன்றும் வியக்கவைப்பது. இத்தனை தணிக்கைகளையும் ஒரே தணிக்கைக்குள் அடக்கிவிடலாம் என்று அவர் காட்டினார். ஒவ்வொரு தணிக்கையும் ஒரு நிரல் என்பதால் அவற்றை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். எல்லாருடைய சந்தேகங்களையும் அப்படியே சேர்த்தால் பங்கு பெருகிவிடும். ஆகவே முதல் தணிக்கையாளரிடம் அவரது இரண்டாம் நிலைப் பட்டியலை (கால் பங்கு) வாங்குகிறோம். இரண்டாமவரிடம் மூன்றாம் நிலை (அரைக்கால்), மூன்றாமவரிடம் நான்காம் நிலை (வீசம்). கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று முடிவில்லாமல் கூட்டினாலும் தொகை அரையைத் தாண்டாது. அதுவே புதிய பெருந்தணிக்கையின் முதல் நிலை. அடுத்த நிலைக்கு எல்லாரிடமும் இன்னும் ஒரு படி கடுமையான பட்டியலை வாங்க வேண்டும். வரம்பை மீறும் நிரல்களையும் விட்டுவைக்கத் தேவையில்லை. வரம்பு தாண்டும் இடத்தில் அவற்றின் பட்டியலை நிறுத்திவிட்டால் போதும். இந்த ஒரு பெருந்தணிக்கையில் தேறியவர் எல்லாத் தணிக்கைகளிலும் தேறியவரே. 1966இல், இருபத்து நான்காவது வயதில், சமவாய்ப்புத் தொடர்வரிசைகளின் வரையறை என்ற தலைப்பில் இதை வெளியிட்டார். பதினெட்டே பக்கக் கட்டுரை அது.

இயந்திரத்தால் எழுதத்தக்க பட்டியல் என்ற கட்டுப்பாட்டில்தான் வரையறையின் உயிர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், எந்த வரிசைக்கும் “நீ இந்த வரிசையாக இருந்தால் சந்தேகம்” என்று அதற்கென்றே தனித் தணிக்கை ஒன்றை அமைத்துவிடலாம்; சமவாய்ப்பு வரிசை என்று ஒன்று மிஞ்சவே மிஞ்சாது. சோதிப்பவர் முடிவுள்ள விதிக்குக் கட்டுப்பட்டவராக இருப்பதால்தான் சமவாய்ப்பு என்ற கருத்துக்கே பொருள் கிடைக்கிறது. ஒரு நிரலால் எழுதத்தக்க எந்த வரிசையும் இந்தத் தணிக்கையில் தோற்கும். பை (π) என்ற எண்ணின் இலக்கங்களும் தோற்கும், 123456789101112 என்று எண்களை அடுக்கிக்கொண்டே போகும் வரிசையும் தோற்கும். இரண்டாவதில் பத்து இலக்கங்களும் சரிசமமாகவே வருகின்றன என்பதை டேவிட் சாம்பர்னோன் 1933இல் நிறுவியிருந்தார். சமமாக வருவது மட்டும் போதாது.

“ஏறத்தாழ எல்லாம்” என்ற சொற்றொடர் வரும்போதெல்லாம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் எனக்கு நினைவுக்கு வருவார். காரைக்குடிக்குக் கல்லூரிகளையும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலமும் பணமும் கொடுத்த அவர், 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தையும் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் தி. விஜயராகவன். ஒன்றைவிடப் பெரிய ஏறத்தாழ எந்த எண்ணை எடுத்து அடுக்கு ஏற்றிக்கொண்டே போனாலும் அதன் பின்னப் பகுதி 0க்கும் 1க்கும் இடையே சமமாகச் சிதறும் என்று கோக்ஸ்மா 1935இல் நிறுவினார். அந்த “ஏறத்தாழ”வுக்கு வெளியே நிற்கும் எண்களை ஆராய்ந்தவர்களில் விஜயராகவன் ஒருவர். பொன்விகிதமான 1.618… அவற்றில் ஒன்று: அதன் 9ஆம் அடுக்கு 76.013, 10ஆம் அடுக்கு 122.992; முழு எண்ணை நோக்கி ஒட்டிக்கொண்டே போகிறது. இந்த எண்கள் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. ஏறத்தாழ எல்லாம் ஒரு விதமாக இருக்க, கையில் எடுத்துக் காட்டக்கூடியது மட்டும் விலக்காக அமைவது கணிதத்தில் அடிக்கடி நேர்வது. மார்ட்டின்-லோஃபின் வரையறையிலும் அப்படித்தான். ஏறத்தாழ எல்லா வரிசைகளும் சமவாய்ப்பானவை. நிரலால் எழுதிக் காட்டத்தக்க எதுவும் சமவாய்ப்பானதல்ல.

கட்டுரை வெளியானபின் துறை அவரைக் கடந்து வளர்ந்தது. தணிக்கையின் பங்கு அளவுகளும் துல்லியமாகக் கணிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தணிக்கை நடைமுறைக்கு எட்டாததாகிவிடும் என்று கிளாஸ்-பீட்டர் ஷ்நோர் 1971இல் வாதிட்டார். அதிலிருந்து சற்றுத் தளர்வான வேறொரு வரையறை பிறந்தது. அதைவிட முக்கியமானது, கோல்மோகோரோவின் வழியும் மார்ட்டின்-லோஃபின் வழியும் ஒன்றாகச் சேர்ந்தது. லியோனிட் லெவினும் சைட்டினும் 1970களின் நடுவில் சிக்கல்தன்மையைத் திருத்தி அமைத்தார்கள்: நிரல் தான் எங்கே முடிகிறது என்பதைத் தானே சொல்ல வேண்டும், சீட்டின் நீளத்தை எண்ணித் தெரிந்துகொள்ளும் சலுகை இனி இல்லை. மேலே 1101ஐ வைத்து நாம் செய்த தந்திரம் இதனால் செல்லாமல் போகிறது. இந்தத் திருத்திய அளவில், ஒவ்வொரு தொடக்கத் துண்டும் சுருக்க முடியாததாக இருக்கும் வரிசைகளும் மார்ட்டின்-லோஃபின் தணிக்கையில் தேறும் வரிசைகளும் ஒன்றே என்று ஷ்நோர் நிறுவினார். ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்து ஒரே வளவில் வந்து நின்றது போல.

பிறகு வந்தவர்களில் கணிமைக் கோட்பாட்டுக்காரர்களே அதிகம். எந்த வரிசையைக் கொடுத்தாலும் அதைக் கணித்தெடுக்க உதவும் ஒரு சமவாய்ப்பு வரிசை உண்டு என்று 1980களின் நடுவில் அந்தோனின் குசேராவும் பீட்டர் காச்சும் தனித்தனியே காட்டினார்கள். 2010இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில், நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே நீஸ், கணிமையும் சமவாய்ப்பும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது பற்றி அழைப்புரை ஆற்றினார். கல்கத்தா இதழில் மீண்டும் தொடங்கிய கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின் ஹைதராபாத் மேடைக்கு வந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

மார்ட்டின்-லோஃப் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார். 1968-69இல் சிகாகோவில் இருந்தபோது வில்லியம் ஹோவர்டைச் சந்தித்தார். ஒரு தேற்றத்தின் நிறுவலும் ஒரு கணினி நிரலும் ஒரே உருவின் இரு முகங்கள் என்ற கருத்தை ஹோவர்ட் அப்போது வகுத்துக்கொண்டிருந்தார். 1970இல் ஸ்டாக்ஹோமில் முனைவர் பட்டம் பெற்ற மார்ட்டின்-லோஃப், அதே ஆண்டில் கட்டுமானக் கணிதம் பற்றிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். “இருக்கிறது” என்று சொன்னால் போதாது, அமைத்துக் காட்ட வேண்டும் என்பது கட்டுமானக் கணிதத்தின் நிலைப்பாடு. சமவாய்ப்பு வரிசை இருக்கிறது என்று நிறுவியும் ஒன்றைக்கூட நிரலால் அமைத்துக் காட்ட முடியாத துறையிலிருந்து வந்தவர், அமைத்துக் காட்டுவதையே அடித்தளமாகக் கொண்ட துறைக்குப் போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஒவ்வொரு கணிதப் பொருளும் ஏதோ ஒரு வகையைச் சேர்ந்தது என்று தொடங்கும் தருக்க அமைப்பே வகைக் கோட்பாடு (type theory); அதன் முதல் வடிவத்தை 1971இல் எழுதினார். அதில் எல்லா வகைகளையும் உள்ளடக்கிய ஒரு வகையும் இருந்தது. அது முரண்பாட்டுக்கு இட்டுச் செல்லும் என்று ழான்-ஈவ் ழிரார் கண்டுபிடித்தார். மார்ட்டின்-லோஃப் அதை ஏற்றுக்கொண்டு, வகைகளைப் படிப்படியான அடுக்குகளாக அமைத்து 1972இல் மறுபடி எழுதினார். அந்த 1972ஆம் ஆண்டுக் கட்டுரை அச்சு நூலில் இடம்பெற்றது 1998இல்தான். அதுவரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1980இல் இத்தாலியின் படோவாவில் அவர் ஆற்றிய உரைகளை ஜொவான்னி சாம்பின் குறிப்பெடுத்து 1984இல் நூறு பக்கத்துக்கு உட்பட்ட நூலாக வெளிக்கொணர்ந்தார். இன்றும் அத்துறையில் நுழைகிறவர்கள் படிக்கும் நூல் அது. அக்டா, காக், லீன் முதலிய நிறுவல் சரிபார்ப்பு மென்பொருள்கள் அந்த மரபில் வந்தவை. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு தரும் முறை ஒன்றில் இப்படி ஒருவர் எப்படித் தாக்குப்பிடித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர் எழுதியவை எண்ணிக்கையில் குறைவு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் அவருக்குக் கணிதம், தத்துவம் இரண்டுக்குமான பேராசிரியர் பதவியைக் கொடுத்து 2009இல் ஓய்வு பெறும்வரை வைத்திருந்தது. 2020இல் தருக்கவியலுக்கும் தத்துவத்துக்குமான ரோல்ஃப் ஷாக் பரிசு அவருக்கும் டாக் பிராவிட்ஸுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, ஒரே ஒரு சமவாய்ப்பு வரிசையைக் காட்டுங்க” என்று கேட்பதுண்டு. அதற்குச் சைட்டினின் ஒமேகா எண்ணைத்தான் சொல்வேன். தானே முடிவைச் சொல்லும் நிரல்களை ஏற்கும் ஓர் இயந்திரத்துக்கு, நாணயத்தைச் சுண்டிக் கிடைக்கும் இலக்கங்களையே நிரலாகக் கொடுத்தால் அது ஓடி முடிந்து நிற்பதற்கான நிகழ்தகவுதான் ஒமேகா. அதற்குத் துல்லியமான வரையறை உண்டு. கீழிருந்து அதை நெருங்கிக்கொண்டே போகவும் முடியும். ஆனால் எந்த இலக்கம் இனி மாறாது என்று அறிந்துகொள்ளப் பொதுவான வழி எதுவும் கிடையாது. மார்ட்டின்-லோஃபின் பெருந்தணிக்கையில் அது தேறும். கிறிஸ்தியன் கலூதேயும் மைக்கேல் டின்னீனும் சி-கை ஷூவும் 2002இல் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்துக்கு அதன் முதல் 64 இலக்கங்களைப் பெரும் பாடுபட்டுக் கண்டுபிடித்தார்கள்.

போன பருவத்தில் ஒரு மாணவி கேட்டபோது அவற்றின் தொடக்கத்தைக் கரும்பலகையில் எழுதினேன்: 0000001000000100000110. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “பதினெட்டு பூச்சியம், நாலே நாலு ஒண்ணு. இது எப்படிங்க ஐயா சமவாய்ப்பு?” என்றார். முடிவில்லாத வரிசையின் முன்னால் எத்தனை இலக்கத்தை மாற்றி எழுதினாலும் அதன் சமவாய்ப்பு கெடாது, நூறு பூச்சியத்தோடு தொடங்கும் சமவாய்ப்பு வரிசையும் உண்டு, இந்தத் தொடக்கம் அந்த இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது என்றேன். அவர் அந்த 22 இலக்கங்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மீதி 42ஐயும் கேட்டு வாங்கிக்கொண்டார்.